ஆஷிஃபா அலசிய ஸ்லைடு

எதற்கெடுத்தாலும் ‘கிருமி’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். என்ன கிருமி, எந்தக் குடும்பம், உருண்டையா குச்சியா, தனியாக இருக்குமா ஜோடியாகத் திரியுமா, ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஒரு கல்யாணம் என்றால் மூன்று தலைமுறைக்கு விசாரிக்கிற ஊர் இது. உயிரை வாங்க வருகிறவனைப் பற்றி மட்டும் ஒரு விசாரணையும் கிடையாது. காஞ்சிபுரத்தில் பத்தொன்பது வருஷமாக ரத்தம், சிறுநீர், சீழ் பரிசோதிக்கும் லேப் வைத்திருக்கிறேன். பெயர் வர்த்தமானன். எறும்பை மிதிக்காமல் நடக்கச் சொல்லி வளர்த்த ஜைன வீட்டில் பிறந்தவன். தினமும் சாயங்காலம் குக்கரில் கோடிக்கணக்கான உயிர்களை அவித்துக் கொட்டுவது என் பிழைப்பு. அம்மாவிடம் இன்றுவரை இதை விவரமாகச் சொன்னதில்லை.

சொல்ல வந்தது ஆஷிஃபாவைப் பற்றி. என்னிடம் பதின்மூன்று வருஷமாக வேலை பார்க்கிற டெக்னீஷியன். நாற்பத்து நான்கு வயது. அவர் கணவர் ஃபைசல் பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறை வைத்திருந்தார். பத்தொன்பது வயதில் கல்யாணமாகி வந்த ஆஷிஃபா, அந்தப் பட்டறையில் பத்து வருஷம் நூல் அலசியிருக்கிறார். ஒருநாள் காலை டீ குடித்துக்கொண்டிருந்த ஃபைசல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார், அவ்வளவுதான். பட்டறை மைத்துனர் கைக்குப் போனது. ஆஷிஃபா பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் படித்தவர். தன்னைவிடப் பத்து வயது சின்னப் பெண்களோடு உட்கார்ந்து லேப் டிப்ளமோ முடித்து, முப்பத்தொன்றாம் வயதில் என் லேபுக்கு வந்தார்.

வந்த அன்றே அவருக்குக் கிராம் ஸ்டெயின் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தேன். எங்கள் தொழிலில் அதுதான் பிள்ளையார் சுழி. பாக்டீரியாவை முதலில் இரண்டு கூட்டமாகப் பிரிக்க வேண்டும். கண்ணாடி ஸ்லைடில் சாம்பிளைத் தடவி, தீயில் காட்டி, ஊதாச் சாயம் ஊற்றி, அயோடின் ஊற்றி, பிறகு ஸ்பிரிட் விட்டு அலசுவோம். சுவர் தடித்த கூட்டம் ஊதாவை விடாமல் பிடித்துக்கொள்ளும். அது கிராம் பாசிட்டிவ். சுவர் மெலிந்த கூட்டம் ஊதாவை விட்டுவிடும். அது கிராம் நெகட்டிவ். நிறம் போன கூட்டம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே, அதற்காகக் கடைசியில் ரோஸ் சாயம் ஏற்றுவோம். உருண்டையா, குச்சியா, கொத்தா, சங்கிலியா என்பதெல்லாம் அப்புறம். எந்த மருந்து கேட்கும் என்பதில் பாதி இந்த ஊதாவிலும் ரோஸிலுமே முடிவாகிவிடும்.

ஆஷிஃபா முழுக்கக் கேட்டுவிட்டு, “பட்டு புடிச்சிக்குது, பருத்தி உட்டுடுது. அப்படித்தானே சார்?” என்றார்.

நான் ஒரு செமஸ்டர் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டு படித்தது அது. ஆமாம் என்று ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

அவர் கை அப்படி ஒரு கை. நான் ஸ்டெயின் செய்தால் ஸ்லைடில் தார் ரோடு போட்டதுபோல இருக்கும். அவர் செய்தால் மைக்ரோஸ்கோப்பில் ஒவ்வொன்றும் தனித்தனியாக, சுத்தமாக நிற்கும். ஊதாவிலேயே நாலு தினுசு சொல்வார். பட்டறையில் படிந்த பழக்கம் ஒன்றையும் கூடவே கொண்டுவந்திருந்தார். சாயம் ஏறிய நூலை அலசும்போது, விழுகிற தண்ணீர் தெளியும்வரை நிறுத்தக் கூடாது. அவசரப்பட்டு நிறுத்தினால், பின்னால் புடவையில் கரையின் சிவப்பு உடலின் மஞ்சளில் இறங்கி, நெய்தவன் பட்டறை வாசலில் வந்து சண்டைக்கு நிற்பான். ஆஷிஃபா ஸ்லைடையும் அப்படித்தான் அலசினார். சாய்த்துப் பிடித்து, ஸ்பிரிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஓரத்தில் வழிவது தெளியும்வரை. புத்தகமும் ஏறக்குறைய அதையே சொல்வதால் நான் குறுக்கே போகவில்லை. பதின்மூன்று வருஷம் ஒரு ஸ்லைடுகூடத் தவறியதில்லை. “ஆஷிஃபா பாத்தாச்சா? அப்ப சரி” என்று டாக்டர்கள் போனை வைப்பார்கள். லேபுக்கு என் பெயர், நம்பிக்கை அவர் பெயரில்.

போன வைகாசியில் கருட சேவை அன்று ஒரு சாம்பிள் வந்தது. ஊர் முழுக்க ஜனம், வண்டி எதுவும் நகரவில்லை. ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஆள், முதுகுத்தண்டிலிருந்து எடுத்த நீரைச் சின்னக் குழாயில் போட்டு, சூடு ஆறாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, சந்து சந்தாக நடந்தே வந்து சேர்ந்தார். தெளிந்த தண்ணீராக இருக்க வேண்டிய நீர், அரிசி களைந்த தண்ணீர் மாதிரி கலங்கி இருந்தது. பெயர் யாழினி, வயது இருபத்தொன்று. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. செவிலிமேட்டில் ஒரு மாடி வீட்டில் ஏழு பெண்களோடு தங்கியிருந்தாள். முந்தின நாள் ராத்திரி காய்ச்சல், காலையில் கழுத்து விறைப்பு, பத்து மணிக்குக் கூட இருந்த பெண்ணை யாரென்று கேட்டிருக்கிறாள். மூளைக்காய்ச்சல்.

இந்தக் காய்ச்சலைக் கொண்டுவருவதில் இரண்டு பேர் முக்கியம். இரண்டும் உருண்டை, இரண்டும் ஜோடி ஜோடியாகத்தான் திரியும். ஊதா ஜோடி என்றால் நிமோகாக்கஸ். ரோஸ் ஜோடி என்றால் மெனிங்கோகாக்கஸ். ஊதா ஜோடிக்கு இரண்டு ஆன்டிபயாட்டிக் சேர்ந்து போக வேண்டும், வீக்கம் தணிக்கிற ஊசியும் தொடர வேண்டும். அந்த ஊசி காதையும் காப்பாற்றும். ரோஸ் ஜோடிக்கு ஒரு ஆன்டிபயாட்டிக் போதும். ஆனால் ரோஸ் ஜோடி பக்கத்தில் படுத்தவர்களுக்கும் தொற்றும்.

ஆஷிஃபா ஸ்டெயின் செய்தார். பார்த்தார். என்னைக் கூப்பிட்டார். நானும் பார்த்தேன். அழகான ரோஸ் ஜோடிகள். ஆஸ்பத்திரியில் யாழினியைப் பார்த்த டாக்டர் இளங்கோவனுக்குப் பகல் பன்னிரண்டு மணிக்கு நானே போன் செய்து சொன்னேன். அவர் யாழினிக்கு ஏற்கெனவே ஆரம்பித்திருந்த மூன்று மருந்தில் இரண்டை நிறுத்தினார். எங்கள் ரிப்போர்ட்டின்படி அதுதான் முறை.

அன்று சாயங்காலத்துக்குள் செவிலிமேட்டில் ஒரு தெருவே கலவரமாகிவிட்டது. கூட இருந்த ஏழு பெண்களுக்கும் தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள். அது சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும். அதை யாரும் சொல்லி வைக்காததால், நமக்கும் நோய் வந்துவிட்டது என்று இரண்டு பெண்கள் அழுதிருக்கிறார்கள். வீட்டுக்காரர் நமச்சிவாயம் மாடிக்குப் பூட்டுப் போட்டார். ஏழு பேரும் பையும் பக்கெட்டுமாகத் தெருவில் நின்றார்கள். கம்பெனி பஸ்ஸில் பத்து நாள் ஏறக் கூடாது என்று உத்தரவு. எல்லாம் என் கையெழுத்துப் போட்ட ஒரு தாளால்.

மறுநாள் காலை ஒன்பது மணி. அதே நீரை ரத்தம் கலந்த பிளேட்டில் தடவி, மெழுகுவத்தி ஏற்றி மூடிய டின்னுக்குள் வளர வைத்திருந்தோம், இதைத்தான் கல்ச்சர் என்போம். ஆஷிஃபா டின்னைத் திறந்தார். “சார், இங்க கொஞ்சம் வாங்களேன்” என்றார். குரலில் ஒன்றும் தெரியவில்லை. பிளேட்டைப் பார்த்தேன். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் பச்சை வளையம். புள்ளியின் நடுவில் கேரம் காய் மாதிரி ஒரு குழி. மெனிங்கோகாக்கஸ் ஒருநாளும் இப்படிப் பச்சை பூசாது. இது நிமோகாக்கஸின் முகம். பத்தொன்பது வருஷமாகப் பார்த்த முகம்.

“நேத்து ரோஸ் பாத்தோமே சார். ரெண்டு பேரும் பாத்தோம்.”

“இதுல இருந்து ஒரு ஸ்லைடு போடும்மா. பாக்கலாம்.”

போட்டார். மறுபடியும் ரோஸ். ஊதாவாக இருந்தே தீர வேண்டியது, ரோஸாக இருந்தது. நான் ஃப்ரிட்ஜிலிருந்து ஸ்டாஃப் குப்பியை எடுத்துக் கொடுத்தேன். ஸ்டாஃபிலோகாக்கஸ், திராட்சைக் கொத்து மாதிரி இருக்கிற உருண்டைகள். உலகத்தில் எந்த லேபில் செய்தாலும் ஊதாதான். சந்தேகம் வந்தால் சாயத்தைச் சோதிப்பதற்கென்றே வைத்திருப்பது. ஆஷிஃபா அதையும் ஸ்டெயின் செய்தார். நான் கண்ணை வைத்தேன். கொத்துக் கொத்தாக ரோஸ்.

கண்ணை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். ரோஸ்தான். காலையில் எழுந்து கண்ணாடி பார்த்தால் வேறு யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளி ஆஷிஃபாவுக்கு இடம் விட்டேன். அவர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் நிமிரவேயில்லை.

“இது நம்ம ஸ்டாஃபா சார்?”

“ஆமாம்மா.”

“அப்ப நான் அலசுனதுல போயிருக்குது.”

அவர் பார்வை அலசும் பாட்டிலுக்குப் போனது. என் பார்வை அதற்கு முன்பே போயிருந்தது. ஒன்பது நாள் முன்பு திறந்த புது பாட்டில். வழக்கமான சரக்கு வரவில்லை என்று வேறு இடத்தில் வாங்கியது. பெரிய எழுத்தில் அதே பெயர். அடியில் பொடி எழுத்தில், அசிட்டோன் கலந்தது. பழையது வெறும் ஸ்பிரிட், நிதானமாக வேலை செய்யும். அரை நிமிஷம் அலசினாலும் ஊதா போகாது. அசிட்டோனுக்கு இரண்டு மூன்று நொடிதான் கணக்கு. அதற்கு மேல் விட்டால், தடித்த சுவராவது மெலிந்த சுவராவது, எல்லோருடைய ஊதாவையும் உருவிக்கொண்டு போய்விடும். ஆஷிஃபா தெளியும்வரை அலசியிருந்தார். அந்த ஒன்பது நாளில் வந்ததெல்லாம் பெரும்பாலும் சிறுநீர் சாம்பிள். அதில் வளர்வது எப்படியும் ரோஸ் கூட்டம்தான். அதனால் வித்தியாசமே தெரியவில்லை.

இதற்கெல்லாம் ஒரு காவல் இருக்கிறது. எந்தப் புது பாட்டில் வந்தாலும், முதலில் ஊதா என்று தெரிந்த ஒன்றையும் ரோஸ் என்று தெரிந்த ஒன்றையும் ஸ்டெயின் செய்து பார்க்க வேண்டும். சரியாக வந்தால் சோதனை நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். அது லேப் உரிமையாளன் வேலை. என் வேலை. அந்த நோட்டு என் மேஜை டிராயரில்தான் இருக்கும். பாட்டில் திறந்த தேதியில் ‘சரி’ என்று எழுதி, என் கையெழுத்தும் இருந்தது. நான் எதையும் சோதிக்கவில்லை. மாதம் பிறந்ததும் முப்பது நாளுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டு வைப்பது என் வழக்கம். பதின்மூன்று வருஷம் ஆஷிஃபாவின் கை தவறாதது எனக்கு அவ்வளவு சொகுசாகிவிட்டிருந்தது.

அதை அவரிடம் சொல்ல வேண்டிய நேரம் அது. நான் சொன்னது வேறு.

“அவசரப்படாதம்மா. நேத்து குடுத்தது முதல் ரிப்போர்ட்தான. கல்ச்சர் ரிப்போர்ட்ல நிமோன்னு போட்டு அனுப்பிடலாம். டாக்டரே புரிஞ்சிக்குவாரு.”

“அந்தப் பொண்ணுக்கு ஊசிய நிறுத்தி வச்சிருக்காங்க சார்” என்றார். அதற்குள் போன் அவர் காதில் இருந்தது.

“டாக்டர் சார், லேப்ல இருந்து ஆஷிஃபா பேசறேன். நேத்து யாழினிக்கு நான் குடுத்த ஸ்லைடு தப்பு. அது ஊதா. நிமோகாக்கஸ். நான்தான் சாயத்த ஓவரா அலசிட்டேன். நிறுத்துன ரெண்டு மருந்தையும் இப்பவே போட்டுடுங்க சார்.”

மறுமுனையில் டாக்டர் ஏதோ கேட்டார். ஆஷிஃபா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, “இருபத்தோரு மணி நேரம் சார்” என்றார். போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். நாற்காலி பக்கத்திலேயே இருந்தது.

யாழினி பிழைத்தாள். நாலாம் நாள் கண் திறந்தாள், ஆறாம் நாள் கஞ்சி கேட்டாள். எட்டாம் நாள்தான் நர்ஸ் கவனித்திருக்கிறார், பின்னாலிருந்து கூப்பிட்டால் பெண் திரும்புவதில்லை. இரண்டு காதும் போயிருந்தது. டாக்டர் இளங்கோவன் நேரில் வந்து சொன்னார். எல்லா மருந்தும் நேரத்துக்குப் போனாலும் இந்த நோய் சிலருக்குக் காதை எடுத்துவிடுமாம். அந்த இருபத்தோரு மணி நேரத்தால்தான் போனது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாதாம். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி என்ன செய்வாள்? தண்டனையும் இல்லை, விடுதலையும் இல்லை.

ஆஷிஃபா ஸ்டெயின் செய்வதை நிறுத்திவிட்டார். “சாயம் இருக்கற பக்கமே நான் வரல சார். பாட்டில் கழுவறேன், ரத்தம் எடுக்கறேன். அது மட்டும் என் கையில குடுக்காதீங்க” என்றார். நான் மறுபடியும் என் தார் ரோடு ஸ்லைடுகளைப் போட ஆரம்பித்தேன். குழாயடியில் அவர் பாட்டில் கழுவும்போது தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்பார். மெலிந்துபோனார். கண்ணுக்குக் கீழே கருவளையம் வந்தது. தூங்குகிறீர்களா என்று ஒருநாள் கேட்டேன். அடுத்த பாட்டிலை எடுத்துக் கழுவினார். எனக்கு மட்டும் தெரியும், ஒரே ஒரு வாக்கியத்தில் அவரைத் தூங்க வைக்க என்னால் முடியும் என்று. லேப் பெயர் போய்விடும், உரிமம் போய்விடும், டாக்டர்கள் சாம்பிள் அனுப்ப மாட்டார்கள் என்று தினமும் ஒரு காரணம் கிடைத்தது. கோழைக்குக் காரணத்தில் பஞ்சமே வராது.

ஏழு வாரம் கழித்து ஒரு திங்கள்கிழமை காலை யாழினி லேபுக்கு வந்தாள். தலையில் ஸ்கார்ஃப், கூடவே அவளோடு தங்கியிருந்த திரிஷா. வெளியே பெஞ்சில் வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனைக்குப் பதினாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரையும் என் அறைக்குள் கூப்பிட்டேன். ஆஷிஃபா ஊசித் தட்டோடு உள்ளேதான் நின்றுகொண்டிருந்தார்.

“எனக்கு ஒரு லெட்டர் வேணும் சார்” என்றாள் யாழினி. தன் குரலே கேட்காததால், மைதானத்தில் நின்று கூப்பிடுகிற சத்தம். “எனக்கு வந்தது தொத்துற வியாதி இல்லன்னு எழுதித் தரணும். ஹவுஸ் ஓனர் இன்னும் நம்ப மாட்டேங்கறாரு. டாக்டர் வாயால சொன்னாலும் பத்தாதாம், பேப்பர்ல வேணுமாம். ஏழு பேரும் ஆளுக்கொரு எடத்துல இருந்துக்கினு எப்படி சார் வேலைக்குப் போறது? என்னாலதான் எல்லாம்னு சொல்றாங்க.”

திரிஷா அவள் கையைப் பிடித்து, “மெதுவா பேசுப்பா” என்று சைகை காட்டினாள். யாழினிக்கு மெதுவாக என்பது எவ்வளவு என்றே தெரியவில்லை.

நான் லெட்டர்பேடை எடுப்பதற்குள் ஆஷிஃபா தட்டைக் கீழே வைத்தார். என் மேஜையிலிருந்து ஒரு தாளை உருவி நின்றபடியே எழுதினார். நிறைய எழுதினார். எழுதி முடித்து யாழினி கையில் கொடுத்துவிட்டு, அடி வாங்கத் தயாராக நிற்கிறவர் மாதிரி நின்றார்.

யாழினி படித்தாள். வாய்விட்டுப் படித்தாள், அதே சத்தத்தில்.

“‘அன்னிக்கு உன் ஸ்லைடைக் கழுவினது நான். சாயத்தை அதிகமா அலசிட்டேன். அதனால உனக்குத் தொத்து வியாதின்னு தப்பா ரிப்போர்ட் போச்சு. இருபத்தோரு மணி நேரம் உன் ஊசி நின்னுபோச்சு. உன் காது அதனால போச்சான்னு யாருக்கும் தெரியல. முழுக்க என் தப்பு. ஆஷிஃபா.’”

வெளியே பெஞ்சில் பேச்சு நின்றுபோனது. பதினாலு பேர் காதிலும் விழுந்துவிட்டது. எழுந்து கதவைச் சாத்தப் போனேன். தாழ்ப்பாளில் கை வைத்துத் திரும்பினேன். யாழினி தாளிலிருந்து கண்ணை எடுத்து ஆஷிஃபாவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டவில்லை. அழவும் இல்லை. இருபத்தொரு வயதுப் பெண் முகத்தில் அவ்வளவு பெரிய திகைப்பை நான் பார்த்ததில்லை. ஆஷிஃபா தலையைக் குனியாமல் அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டிருந்தார்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. கதவை விட்டுவிட்டு வந்து, அவள் கையிலிருந்த தாளை வாங்கி, ஆஷிஃபாவின் பெயருக்குக் கீழே எழுதினேன். அவள் அதையும் சத்தமாகத்தான் படிப்பாள் என்று தெரிந்தே எழுதினேன். திருப்பிக் கொடுத்தேன்.

“‘முழுக்க அவர் தப்பு இல்லை’” என்று படித்தாள் யாழினி. “‘சாயம் அலசற புது பாட்டிலை நான் சோதிச்சுப் பாத்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். சோதிக்காமலே சோதிச்சதா நோட்டுல கையெழுத்துப் போட்டேன். இது அவருக்குத் தெரியாது. வர்த்தமானன், லேப் உரிமையாளர்.’”

படித்து முடித்துத் தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். “ஹவுஸ் ஓனருக்குத் தனியா ஒண்ணு எழுதிக் குடுங்க சார். இது என்கிட்ட இருக்கட்டும்” என்றாள்.

நான் லெட்டர்பேடில் எழுத ஆரம்பித்தேன். ஆஷிஃபா பக்கம் திரும்பத் தைரியம் வரவில்லை. அவர் எதையாவது கேட்பார் என்று காத்திருந்தேன். ஏன் செய்தீர்கள் என்று கேட்டால் சொல்வதற்குப் பதில்கூட வைத்திருந்தேன்.

“ஏழு வாரம் சார்” என்றார் ஆஷிஃபா.